முகம் இல்லாத வயிறு

4.8.1997, திங்கள்

இன்றைக்கும் டிவிப் பெட்டிக்குள்ளிருந்து பாடம் நடத்துகிற எங்கள் பெட்டித் துரை வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார். "நுரையீரலைச் சுற்றி நீர் கோத்த நோயாளியிடம் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது—" என்றார். அவ்வளவுதான், படம் நின்றுவிட்டது. முதலில் பார்க்க வேண்டியது எது என்று ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்திருக்கிற அவருக்குத் தெரியும். பினாங்கில் உட்கார்ந்திருந்த நாங்கள் பார்த்ததெல்லாம் அவருடைய கடைவாய்ப் பற்களைத்தான். ஒன்றில் தங்கம் அடைத்திருக்கிறது.

இதற்குப் பெயர் மூன்றாம் ஆண்டு மருத்துவ வகுப்பு. முன்னால் ஆளுயர டிவி. அதன் தலையில் எங்களை முறைத்துக்கொண்டு ஒரு கேமரா. கேள்வி கேட்டால் அது கம்பி வழியே கடல் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் கேட்டவருக்கே மறந்துவிடும். போன வாரம் நான் இருமலைப் பற்றிக் கேட்டேன். "மிக நல்ல கேள்வி" என்று என்னைப் பாராட்டிவிட்டு, எனக்கு முன்னால் எவனோ கேட்ட காய்ச்சலுக்குப் பதில் சொன்னார். கமால் பக்கத்தில் உட்கார்ந்து கறிபாப் தின்றுகொண்டிருந்தான். "டெக்னாலஜிலா கமலா. கொஞ்சம் பொறுமையா இரேன்" என்றான். மேசைக்குக் கீழே தின்றால் கேமராவில் தெரியாதாம். அவனுக்கு டிவி பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

வீட்டுக்கு வந்தால் அப்பா வேலி ஓரம் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் அளந்துகொண்டிருக்கிறார். "எங்கட பிள்ளைக்கு வெள்ளைக்காரன் நேரா வந்து படிப்பிக்கிறான்." ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பேட்டை டத்தோ கிராமாட்டில் பாதிப் பேருக்கு என் மார்க் அத்துப்படி. நேராக வரவில்லை அப்பா, கம்பியில் வருகிறான், அதுவும் பாதி வழியில் தொங்கிவிடுகிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

7.8.1997, வியாழன்

டீன் ஆனந்தராஜா இன்று ஓர் ஆராய்ச்சியை அறிவித்தார். அந்த மனிதர் அறிவிக்கும்போதெல்லாம் கழுத்து டையைத் தடவிக்கொள்வார். இன்றைக்கு டை படாத பாடு பட்டது.

விஷயம் இதுதான். வயிற்றைத் தொட்டுப் பரிசோதிப்பது எப்படி என்பதை வகுப்பில் பாதிப் பேருக்கு டிவியிலும் டேப்பிலும் கற்றுக்கொடுப்பார்களாம். மீதிப் பேருக்கு வழக்கம்போல வார்டில், கட்டிலோரம், டாக்டர் ஜெயலெட்சுமி. அக்டோபரில் எல்லாருக்கும் ஒரே பரீட்சை. எந்தக் கூட்டம் நன்றாகச் செய்கிறதோ அந்த வழிதான் ஜனவரியில் வரப்போகும் ஜூனியர்களுக்கு. பரீட்சையில் தோற்றால் மறுபடி எழுத வேண்டும், அதிலும் தோற்றால் இந்த வருடமே போச்சு.

சீட்டு எடுத்தோம். எனக்கு டிவி.

கூட்டாளி நூர்ஜானுக்குக் கட்டில். கொடுத்து வைத்தவள். காரிடாரில் என் தோளைத் தட்டி, "கவலப்படாதடி, டிவி ஒன்ன திட்டாதுலா" என்றாள். டாக்டர் ஜெயலெட்சுமி வாயைத் திறந்தால் எப்படியிருக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

8.8.1997

வயிற்றை டிவியில் படிப்பதாம். சமைக்கிறதை ரேடியோவில் முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள் அடுத்து.

11.8.1997, திங்கள்

நேற்று முழுக்க யோசித்துப் பார்த்தேன். என் நிலைமை எப்படிப்பட்டது தெரியுமா? நான் பரீட்சையில் நன்றாகச் செய்தால் டிவி ஜெயிக்கும். டிவி ஜெயித்தால் இனிமேல் இந்தக் கல்லூரியில் ஒரு பிள்ளையும் டாக்டராகும் முன் கட்டிலோரம் நிற்காது. நான் மோசமாகச் செய்தால் டிவி தோற்கும், கூடவே நானும் தோற்பேன். அப்பா வேலியோரம் நின்று என்ன சொல்வார்?

கமாலிடம் சொன்னேன். "நீ ரொம்ப யோசிக்கிற" என்றான். அவன் அப்படியொரு குற்றம் செய்ததே கிடையாது.

18.8.1997, திங்கள்

முதல் டேப். தலைப்பு: வயிற்றுப் பரிசோதனை.

திரை நிறைய ஒரு வயிறு. வெள்ளையாக, உப்பிய மாவுபோல. மேலே மார்போடு வெட்டியிருந்தது, கீழே இடுப்போடு வெட்டியிருந்தது. முகமே கிடையாது. நோயாளி யார் என்று தெரியக்கூடாதாம், அது அந்த ஊர்ச் சட்டமாம். இரண்டு கைகள் வலப்பக்கமிருந்து வந்து அமுக்கின. கல்லீரல் இப்படி, மண்ணீரல் அப்படி என்று துரையின் குரல் மட்டும் வந்தது. சட்டம் நல்ல சட்டம்தான், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் தலையில்லாத ஒருத்தரைப் பார்த்து எதைப் படிக்கிறது? முண்டத்துக்கு வைத்தியம் பார்க்கவா இங்கே வந்தோம்?

பிறகு ஆளுக்கொரு ரப்பர் பொம்மை கொடுத்தார்கள். அமுக்கினால் காற்று போகிற சத்தம் வந்தது. பின்வரிசை சிரித்துச் சிரித்து மேசைமேல் சாய்ந்தது. ஏட்டுச் சுரைக்காயாவது பரவாயில்லை, ஏட்டிலே எழுத்திருக்கும். இது ரப்பர் சுரைக்காய்.

26.8.1997, செவ்வாய்

கட்டில் கூட்டத்தின் கதையும் கந்தல்தான் போலிருக்கிறது. இரண்டு மணி வகுப்புக்கு டாக்டர் ஜெயலெட்சுமி மூன்றரைக்கு வருகிறார். வந்தாலும் கையில் ஹேண்ட்போன். வராத நாளும் உண்டு. வந்த நாளில் நூர்ஜானைப் பார்த்து, "ஒங்க வாப்பா கடையில மாவு பெசையிற மாதிரி பெசையிறியே, இது மனுஷன் வயிறும்மா" என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னாராம். நூர்ஜான் வாப்பா நாசி கண்டார் கடை வைத்திருக்கிறார். அங்கே ஒருத்தரும் மாவு பிசைவதில்லை, சோறும் குழம்பும்தான். திட்டுகிறதையாவது விவரம் தெரிந்து திட்டக்கூடாதா?

"எனக்கு ஒன் டேப்ப குடுடி. வீட்டுல நிம்மதியா பாத்து படிச்சிக்கிறேன்" என்றாள் நூர்ஜான்.

"நீ என்ன ஒன் வார்டுக்குள்ள கூட்டிட்டுப் போ."

அங்கேயே பேரம் முடிந்தது. ஆராய்ச்சி நடத்துகிறவர்கள் அடுத்த அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

2.9.1997, செவ்வாய்

வார்டுக்குப் போனேன்! வகுப்பு நேரத்தில் போனால் மாட்டிக்கொள்வோம் என்று, நாலரை மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் கூட்டத்தோடு கூட்டமாகப் போனோம். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தால் வாசலில் காவல் நிற்கிற ஜாகா ஒன்றும் கேட்பதில்லை, சல்யூட் வேறு அடிக்கிறான்.

"ஒரு நல்ல மண்ணீரல் வந்திருக்குடி" என்று நூர்ஜான் என்னை ஜன்னலோரக் கட்டிலுக்குக் கூட்டிப் போனாள். சின்னையா. கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் ஒரு ஃபேக்டரிக்கு லோரி ஓட்டுகிறவர். ரத்தத்தில் ஏதோ நோய், மண்ணீரல் வீங்கித் தொப்புள் வரை இறங்கியிருக்கிறது. புத்தகத்தில்கூட இவ்வளவு பெரிது பார்த்ததில்லை. கட்டிலோரம் ஸ்டூலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பாத்திரத்தை மூடிவிட்டு எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றார். நல்ல மாதிரியான மனுஷி.

சின்னையா சட்டையைத் தானே தூக்கிவிட்டார். "பாருங்க டாக்டரம்மா" என்றார். டாக்டரம்மாவாம்! என் விரல் நுனியில் அந்த ஓரம் வந்து தட்டியது. மூச்சை இழுக்கும்போது இறங்கி வந்து தட்டுகிறது, விடும்போது போய்விடுகிறது. டேப்பில் துரை இதை மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்று ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. ஃபெரிவரை நடந்து போய்க் கத்த வேண்டும்போல இருந்தது.

4.9.1997

கமாலுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவனும் வருகிறானாம்.

10.9.1997, புதன்

டிவி கூட்டம் மொத்தமும் வருகிறது இப்போது. நாலரை ஆனால் வார்டில் வெள்ளைக் கோட்டுகள்தான். கட்டில் கூட்டமோ நூர்ஜான் வீட்டு மாடியில், டெக்கில் டேப்பைப் போட்டுவிட்டுக் கோழிக் குழம்போடு நாசி கண்டார் தின்றுகொண்டிருக்கிறது. டிவியில் படிக்க வேண்டியவர்கள் கட்டிலில், கட்டிலில் படிக்க வேண்டியவர்கள் டிவியில். டீன் டையைத் தடவிக்கொண்டு, "ஆராய்ச்சி மிகச் சீராகப் போகிறது" என்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

வெளியே காட்டுத் தீப் புகைமூட்டம். ஊரிலேயே உயரமான கொம்தார் கட்டடமே கண்ணுக்குத் தெரியவில்லை.

18.9.1997, வியாழன்

சே! என்ன பொம்பளை அவள்!

இன்று கட்டில் கூட்டத்துக்கு மூன்று மணி வகுப்பு. ஜெயலெட்சுமி வரவில்லை, அவர்கள் காத்திருந்துவிட்டு நூர்ஜான் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாலரைக்கு வழக்கம்போல நாங்கள் போனோம். நான் சின்னையாவின் வயிற்றில் கை வைத்திருக்கிறேன், பின்னாலிருந்து டக் டக் என்று செருப்புச் சத்தம். திரும்பினால் டாக்டர் ஜெயலெட்சுமி! ஒன்றரை மணி நேரம் கழித்து, எதுவுமே நடக்காதது மாதிரி வருகிறாள்! செத்தோம் என்று நினைத்தேன். கமால் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டான், வீரன்.

அவளோ, "சரி, ஆரம்பிங்க" என்றாள். நாங்கள் அவளுடைய மாணவர்கள் என்றே நினைத்துவிட்டாள். ஒரு மாதமாகப் பாடம் நடத்துகிறாள், ஒருத்தர் முகமும் அவளுக்குத் தெரியவில்லை!

நான் அமுக்கினேன். கண்ணை வயிற்றில் வைத்து, விரலைப் பார்த்துப் பார்த்து, டேப்பில் இருப்பதுபோலவே.

"ஏய்! அங்க என்ன பாக்குற? வயித்துல என்ன, படமா ஓடுது? மூஞ்சியப் பாரு! வலிச்சா வயிறா சொல்லும்? மூஞ்சிதான் சொல்லும். ஒங்களுக்கெல்லாம் டாக்டர் பட்டம் எதுக்கு? பசார்ல போயி கத்தரிக்காய அமுக்கிப் பாத்து வாங்குங்க, அதுக்குத்தான் லாயக்கு."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். காது சுட்டது. இவள் யார் என்னைச் சொல்ல? நேரத்துக்கு வரத் துப்பில்லை, சொந்த மாணவர்களை அடையாளம் தெரியவில்லை, முகத்தைப் பார்க்கச் சொல்ல வந்துவிட்டாள். ஆத்திரத்தில் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆனால் சொன்னது சரி. அதுதான் எரிகிறது. நான் நிமிர்ந்தபோது சின்னையா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கடித்துக்கொண்டிருந்தாரோ.

23.9.1997, செவ்வாய்

நூர்ஜான் வீட்டு மாடிக்குப் போயிருந்தேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. முகமில்லாத வயிறு, இரண்டு கைகள். கட்டில் கூட்டத்துப் பிள்ளைகள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு துரை அமுக்குகிற மாதிரியே அமுக்கினார்கள். எல்லார் கண்ணும் தலையணையிலேயே இருந்தது. பார்க்கத் தமாஷாக இருந்தது, கோபமாகவும் வந்தது.

"அமுக்கும்போது மொகத்தப் பாக்கணும்டி" என்றேன்.

"எந்த மொகத்த?"

"நோயாளி மொகத்த. வலிக்குதான்னு தெரிய வேணாமா?"

"டேப்புல அப்படி ஒண்ணும் இல்லையே."

"டேப்புல மொகத்த வெட்டிட்டான், அதனாலதான் இல்ல. ஜெயலெட்சுமி சொன்னா."

அவ்வளவுதான், நூர்ஜானுக்கு முகம் மாறிவிட்டது. "அந்த அம்மா பேச்ச எங்கிட்ட எடுக்காத. பெரிய புரொஃபசர் எடுத்த டேப்ப விட இவங்களுக்குத் தெரிஞ்சிருச்சா? சும்மா கெட, கமலா" என்றாள். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். சரி, என்னவோ செய்யுங்கள். டிவியை நம்புகிற கூட்டம் எது, நம்பாத கூட்டம் எது என்று எனக்கே குழம்பிவிட்டது. அவள் உம்மா மீன் முட்டைக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். அது மட்டும் தெளிவாக இருந்தது.

6.10.1997, திங்கள்

நாளை பரீட்சை. சாயங்காலம் சின்னையாவிடம் போய்க் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வந்தோம். எல்லாரும் ஒருமுறை.

7.10.1997, செவ்வாய்

பரீட்சை முடிந்தது.

கோலாலம்பூரிலிருந்து ஒரு சீன டாக்டர் பரீட்சகராக வந்திருந்தார். யார் எந்தக் கூட்டம் என்று அவருக்குச் சொல்லவில்லை. என்னைத் திரைக்குள் அனுப்பினார்கள். உள்ளே படுத்திருந்தது யார்? சின்னையா. வார்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். நல்ல மண்ணீரலை யார் விடுவார்கள்?

என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு. கையைக் கழுவி, பெயரைச் சொல்லி, முறைப்படி கேட்டேன். "எங்கயாவது வலி இருக்காண்ணே?"

"இருக்கும்மா. நேத்து நீங்கள்லாம் வந்து அமுக்கிட்டுப் போனீங்கல்ல, அப்பறம் ராத்திரிலேருந்து வலி. எடது பக்கம்."

பரீட்சகருக்குத் தமிழ் தெரியாது. "என்ன சொல்கிறார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இடது பக்கம் வலிக்கிறது என்கிறார், டாக்டர்."

பாதியைத்தான் சொன்னேன். மீதி பரீட்சைக்குத் தேவையில்லை. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும்.

வலிக்காத பக்கத்திலிருந்து மெதுவாக ஆரம்பித்தேன். கண் அவர் முகத்தில். இடது விலாவுக்குக் கீழே போனதும் அவர் கண் சுருங்கியது. உடனே கையை எடுத்து, "வலிக்குதாண்ணே, நிறுத்திக்கிறேன்" என்றேன். பரீட்சகர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். எழுதுகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னேன்.

எனக்குப் பிறகு நூர்ஜான் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேரோ.

10.10.1997, வெள்ளி

டிவி ஜெயித்துவிட்டது.

சும்மா இல்லை, அமோகமாக. டிவி கூட்டத்தில் ஒருத்தரும் தோற்கவில்லை, கமால்கூட! நான் முதலாவது. கட்டில் கூட்டத்தில் ஆறு பேர் தோல்வி, அதில் நூர்ஜான் ஒருத்தி. பரீட்சகரின் குறிப்பை டீன் மைக்கில் வாசித்துக் காட்டினார். "கட்டிலோரம் பயின்ற மாணவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. திரையில் பயின்றவர்களே மனிதத்தன்மையோடு நடந்துகொண்டார்கள்." கை தட்டினார்கள். ஐயோ, எனக்குச் சிரிக்கவா அழவா? சிரித்தேன், பக்கத்திலிருந்தவள் முறைத்தாள்.

ஜனவரியிலிருந்து ஜூனியர்களுக்கு வயிறு, நெஞ்சு, எல்லாம் டிவி. கட்டில் வகுப்பு கிடையாது. டாக்டர் ஜெயலெட்சுமி பின்வரிசையில் உட்கார்ந்து ஹேண்ட்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நூர்ஜான் என்னோடு பேசவில்லை.

13.10.1997, திங்கள்

கேள்வித்தாள் கொடுத்தார்கள். திரைவழிக் கல்வி, நேர்முகக் கல்வி இரண்டைப் பற்றியும் மாணவர் கருத்து. கமால் எழுதியது: 'டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், டாக்டரைத் திருப்ப முடியாது.' இன்னொருத்தி எழுதியது: 'டிவி என்னை அவமானப்படுத்துவதில்லை.' நூர்ஜான் எல்லாக் கட்டத்திலும் டிவிக்கே டிக் போட்டாள். தோற்கடித்தது எதுவோ அதற்கே ஓட்டு! நான் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

அப்படியும் மனசு ஆறாமல் டீன் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேரம், மாடி, டெக், பார்வையாளர் நேரம், எல்லாம். நாங்கள் ஜெயித்தது கட்டிலால், அவர்கள் தோற்றது டேப்பால், உங்கள் ஆராய்ச்சி தலைகீழ் என்று நேராகவே சொல்லிவிட்டேன். என்னைக் கல்லூரியை விட்டே துரத்தினாலும் துரத்தட்டும் என்று இருந்தேன்.

அவர் டையைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்படியென்றால், திரைவழிக் கல்வி உங்களைத் தானாகவே நோயாளியைத் தேடிப் போக வைத்திருக்கிறது. இதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. அற்புதம்!" என்று தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"அப்ப நூர்ஜான்?"

"வழிகாட்டல் இல்லாமல் டேப் பார்த்திருக்கிறார். அதனால்தான் தோல்வி."

இந்த மனிதரிடம் எதைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் பாயசமாகிவிடும். வெளியே வரும்போது, "உங்கள் தகப்பனார் விஸ்வலிங்கம்தானே? நல்ல குடும்பம்" என்றார். ஒரு போட்டோ எடுக்க வேண்டுமாம், புதன்கிழமை சேலை கட்டி வரச் சொன்னார்.

21.10.1997, செவ்வாய்

கல்லூரி விளம்பரத் தாளில் என் போட்டோ. டிவிக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அப்பா நூறு பிரதி வாங்கி வந்துவிட்டார்.

24.10.1997, வெள்ளி

நூர்ஜான் ஒருவழியாகப் பேசினாள். மறுபரீட்சை நவம்பர் ஐந்தாம் தேதி. "ஒன் டேப்ப பாத்துதான்டி நான் ஃபெயிலு. நீயே சொல்லிக் குடு" என்றாள். சரி, மண்ணீரலிலேயே வைத்துச் சொல்லித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சின்னையா இன்னும் வார்டில்தான் இருக்கிறார், புது மருந்துக்குக் காத்துக்கொண்டு.

அவரிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம் என்று மத்தியானம் ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். வாசல் பஸ் ஸ்டாப்பில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார், மடியில் பாத்திரம். ஏன் வெளியில் இருக்கிறீர்கள் என்றேன். நாலரைக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்களாம். நேரத்துக்கு வந்தால் போதாதா என்றால், சிம்பாங் அம்பாட்டில் பஸ் ஏறி, பட்டர்வொர்த் வந்து, ஃபெரி பிடித்து, மறுபடி பஸ். புகைமூட்ட நாட்களில் ஃபெரி தாமதமாகி, வந்து சேரும்போதே நேரம் பாதி போய்விட்டதாம். அதனால் இப்போது மத்தியானமே வந்துவிடுகிறார்.

"அப்பவும் எங்கம்மா பேச முடியுது? நீங்கள்லாம் வந்துருவீங்க. நீங்க போறதுக்கும் நேரம் முடிஞ்சு மணி அடிக்கிறதுக்கும் சரியா இருக்கும்."

"வேணாம்னு சொல்லிருக்கலாமேக்கா" என்றேன்.

"அவரா? சொல்ல மாட்டாரும்மா. டாக்டருங்க கோவிச்சிக்கிட்டா மருந்து குடுக்க மாட்டாங்கன்னு பயம். நீங்க போன அப்பறம் வலி தாங்காம பொரண்டுகிட்டு கெடப்பாரு. நர்சு மிஸ்ஸிகிட்டகூட சொல்லக் கூடாதும்பாரு." பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். "அந்த மிஸ்ஸி சொன்னாங்க, பாதிப் புள்ளைங்க டிவி பாத்தே படிச்சிக்கிறாங்கன்னு. அவங்க தேவலாம்மா, யாரையும் அமுக்க வேணாம். நீங்கள்லாம் அந்த டிவி கெடைக்காத புள்ளைங்களா?"

விளம்பரத் தாளில் இருக்கிற டிவிப் பிள்ளையே நான்தான். "இல்லக்கா, நான் டிவில படிக்கிற புள்ளதான்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. வார்டுக்குப் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

25.10.1997

கேள்வித்தாளைப் பின்பக்கமும் எழுதி நிரப்பினேனே, அதில் டிவியைத் திட்டினேன், ஜெயலெட்சுமியைத் திட்டினேன், கமாலைத் திட்டினேன். கட்டிலில் படுத்திருக்கிற ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டீன் போட்ட கேள்விகளிலும் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரர்கள் நாங்கள் எல்லாரும்! அவர் உதட்டைக் கடித்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மறுபடி மறுபடி போனேன். முகத்தைப் பார் என்றாளே, பார்த்தேனே, பார்த்து மார்க் வாங்கினேனே. த்தூ!

30.10.1997, வியாழன்

தீபாவளி. அப்பா வந்தவர்களுக்கெல்லாம் முறுக்கோடு விளம்பரத் தாளும் ஒன்று கொடுத்தார். மேசைக்கடியில் மீதி இருந்ததை ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்து எடுத்துவிட்டார்.

4.11.1997, செவ்வாய்

நாளை நூர்ஜானுக்கு மறுபரீட்சை.

நாலரைக்குப் போகவில்லை. நாலு மணிக்கே மிஸ்ஸியிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். சின்னையா எங்களைக் கண்டதும் வழக்கம்போலச் சட்டையில் கை வைத்தார்.

"இருங்கண்ணே" என்றேன். "மொதல்ல ஒண்ணு கேக்கணும். நாங்க டாக்டருங்க இல்ல. படிக்கிற புள்ளைங்க. இவளுக்கு நாளைக்குப் பரீட்ச, அதுக்கு ஒங்க வயித்தத் தொட்டுப் பாத்தா நல்லாருக்கும். ஒங்களுக்கு இஷ்டமா?"

அவர் மிஸ்ஸி பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாருங்கம்மா, அதுக்கென்ன" என்றார், பழைய பழக்கத்தில்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்ணே. மருந்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மருந்து போடறது வேற டாக்டரு, எங்க பேருகூட அவருக்குத் தெரியாது. நெஜமாத்தான் சொல்றேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

நூர்ஜான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்படின்னா வேணாம்மா" என்றார்.

சொல்லிவிட்டுச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுத்தார். நான் சரிண்ணே என்றேன். கோபமில்லையே என்றார், திரும்பாமலே. இல்லண்ணே என்றேன். நாங்கள் வெளியே வரும்போது நாலரை மணி அடித்து ஜாகா கதவைத் திறந்தான். அவர் மனைவி பாத்திரத்தோடு எங்களைத் தாண்டி வேகமாக உள்ளே போனார்.

காரிடாரில் நூர்ஜான் என் கையைப் பிடித்துத் திருகினாள். கண்ணில் தண்ணீர். "நாளைக்கு நான் என்னத்தடி போயி செய்வேன்? கேக்காம இருந்திருந்தா காட்டிருப்பாருடி! ஏன்டி கேட்ட?"

அவள் சொன்னது உண்மைதான். கேட்காமலிருந்தால் காட்டியிருப்பார்.